பள்ளிக்கூடத் தரகரின் பாடு

கல்யாணத் தரகர் வேலையும் என் வேலையும் ஒன்றுதான். அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார், நான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கிறேன். வாசிப்பு மட்டும் வசப்படாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உதவித்தொகையும் தேடிக் கொடுக்கும் சின்ன மையம் ஒன்றில் எனக்கு உத்தியோகம். தரகருக்காவது கடைசியில் ஒரு கல்யாணச் சாப்பாடு உண்டு. எனக்கு வராந்தா பெஞ்சுதான். உங்கள் வீட்டிலும் 'ப'வையும் 'ம'வையும் மாற்றி வாசிக்கிற பிள்ளை இருந்து, மே மாத வெயிலில் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக நீங்களும் ஏறி இறங்கியிருந்தால், அந்த பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

இந்த வருஷம் என்னை ஓட ஓட விரட்டியவள் இனயம் என்ற கடற்கரை ஊரின் ஜெனிஷா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஆள் அப்படியே ஒடுங்கிப்போவாள். சென்னையில் இருக்கிற அத்தை அங்கே ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருந்தாள். ஜூனுக்குள் பக்கத்தில் எதுவும் அமையாவிட்டால் பிள்ளை ரயிலேற வேண்டியதுதான். "கடல் சத்தம் கேக்காம எனக்கு உறக்கம் வராது டீச்சர்" என்றாள். அன்றோடு என் உறக்கமும் போயிற்று.

வலைக்காரர் விளக்கம்

முதலில் அவளுடைய அப்பா கிளிட்டஸிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். இந்தச் செய்தியைக் கேட்டால் சில அப்பாக்கள் கோபப்படுவார்கள், சிலர் அழுதுவிடுவார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "பாப்பாவுக்குக் கற்றல் குறைபாடு இருக்குங்க" என்றேன்.

மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினார். எனக்குப் பிறகுதான் உறைத்தது. கடற்கரையில் 'பாடு' என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்த மீன். நான் சொன்ன குறைபாடு அவர் காதில் 'குறைஞ்ச பாடு' என்றே விழுந்திருக்கிறது! திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டார்: "பாடு குறைவுதானே டீச்சரே? அது எல்லாருக்கும் உள்ளதுதான். எடத்த மாத்தி வலை போட்டுப் பாப்போம்."

நூற்றுக்கு நூறு

சரி, இடத்தை மாற்றுவோம் என்று ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் படங்கள் ஒரு பேனர் நிறைய. முதல்வர் அறையில் ஏசி குளிரில் ஜெனிஷாவுக்குப் பல் தந்தியடித்தது. நான் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "இங்க எல்லாரும் நார்மல் பிள்ளைங்க. ரிசல்ட் இறங்கிடும், பாருங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு குழறும்; நல்ல வார்த்தை ஒன்றும் சமயத்துக்கு வராது. "சட்டம்னு ஒண்ணு இருக்கு சார்" என்றேன். சட்டத்தின் பேரைக் கேட்டதும் அவருக்கு அவசரமாக ஒரு மீட்டிங் வந்துவிட்டது. எழுந்து போயே போய்விட்டார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். ஜெனிஷா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "டீச்சர், அவியளுக்கு என்ன குறைபாடு?"

காது வலி

கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. நல்ல இடம்தான், ஆனால் வேனில்தான் போய்வர முடியும். வேன் செலவுக்கு உதவித்தொகை வேண்டும். உதவித்தொகைக்கு ஆஸ்பத்திரிச் சர்டிபிகேட் வேண்டும். அங்கேதான் ஜெனிஷாவின் அம்மா சகாயமேரி முட்டுக்கட்டை போட்டாள். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் இந்தப் பேப்பரைத் தூக்கிட்டு வந்தா நீங்களா டீச்சரே பதில் சொல்லுவிய?"

கெஞ்சிக் கூத்தாடி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சகாயமேரி சேலையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். எதிர் மூலையில் இன்னொருத்தி இந்த வெயில்காலத்தில், கூரைக்குக் கீழே, குடையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். குடை சாய்ந்தது, பார்த்தால் அதே தெரு பிரமிளா! கோயில் திருவிழாவில் மூண்ட சண்டையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. "எதுக்கு வந்தே?" "காது வலி. நீ?" "எனக்கும் காதுதான்." அந்த நேரம் பார்த்து நர்ஸ் வெளியே வந்து, "வாசிக்கக் கஷ்டப்படுற பிள்ளைங்க ரெண்டு பேரும் வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். பிரமிளாவின் மகனும் ஜெனிஷாவும் எழுந்தார்கள். இரண்டு அம்மாக்களும் ஒரு கணம் முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் சகாயமேரி பிரமிளாவின் கையைப் பிடித்தாள்: "இனி நீயும் ஊருல சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. வாட்டி, சாயா குடிப்போம்."

முட்டாய்

சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரே பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனிஷாவுக்கு முன்னால் நின்ற பையன் பதற்றத்தில் கொஞ்சம் தடுமாறினான். அடுத்தது இவள். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள், கணீரென்று ஆரம்பித்தாள், தங்குதடையில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நான்தான் தப்பாகச் சொல்லி அலைய வைத்துவிட்டேனோ என்று. அப்போது வந்தது அந்த வரி: "ஆமை கரைக்கு வந்து முட்டாய் போட்டது, சாரி சிஸ்டர், முட்டை போட்டது."

முன்னால் நின்ற பையன் சொன்னது அப்படியே, அந்த 'சாரி சிஸ்டர்' உட்பட! சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். திறந்திருந்தது மாம்பழத்தைப் பற்றிய பாடம். போச்சு, ஏமாற்றுக்காரி என்று துரத்தப்போகிறார்கள், சென்னை ரயில்தான் என்று மனசுக்குள் டிக்கெட்டே எடுத்துவிட்டேன். சிஸ்டர் கேட்டார், "எழுத்து தெரியாதா மக்கா?" ஜெனிஷா சொன்னாள், "ஒண்ணொண்ணா வந்தா தெரியும் சிஸ்டர். கூட்டமா வந்தாத்தான் பேடி, பயமா வரும்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தப்பையும் சேத்து மனப்பாடம் பண்ணின பிள்ளையை இப்பத்தான் பாக்கேன். இவளுக்குக் காது வழியா சொல்லிக் குடுப்போம், எழுத்து பைய வரட்டும். யூனிபார்ம் தைக்கக் குடுங்க."

தரகுக் கூலி

உதவித்தொகை வந்தது, வேன் வந்தது, சென்னை அத்தை கோபித்துக்கொண்டாள். ஜெனிஷா கடல் சத்தம் கேட்டுத் தூங்குகிறாள். நானும் தூங்குகிறேன்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு சாயங்காலம் இனயத்துக்குப் போயிருந்தேன். வேனிலிருந்து பிள்ளை இறங்கியதும் கிளிட்டஸ் கேட்டார், "பாடு உண்டா மக்கா?" கடலிலிருந்து வருகிறவனைக் கரையில் நிற்கிறவன் கேட்கிற கேள்வி அது. தினமும் கேட்பாராம். ஒன்றும் கிடைக்காத நாளில் அவள் கையை விரிப்பாளாம். "செரி, நாளைக்குப் பாப்போம்" என்று பையை வாங்கிக்கொள்வாராம். அன்றைக்கு அவள் கையை விரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்ததாம். அதே ஆமைப் பாடம். இந்தத் தடவை சரியான பக்கம். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, மூச்சு வாங்கி, வியர்த்து வாசித்தாள். "ஆ...மை... க...ரைக்கு... வந்து..." அந்த இடம் வந்ததும் நின்றாள். விரல் நகர்ந்தது. "முட்...டை."

நான் வெட்கமில்லாமல் அழுதேன். சகாயமேரியும் அழுதாள், வேன் டிரைவர்கூட ஹாரனை அடித்துவிட்டுப் போனார். கிளிட்டஸ் மட்டும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். அப்படியே நின்றபடி என்னிடம் சொன்னார்: "டீச்சரே, இன்னைக்குக் கரை நெறஞ்ச பாடு."

அன்று தரகுக் கூலியாக அவர்கள் கொடுத்தனுப்பிய நெய்மீனை வறுத்து வைத்தால், என் வீட்டுக்காரர் வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு, "இந்த வேலையில அப்படி என்னத்தக் கண்டே?" என்று கேட்கிறார், நீங்களே சொல்லுங்கள்.