ஜுராந்திரின் மோவாய்

எங்கள் கட்டடத்துக் காவல்காரர் ஜுராந்திர் நல்ல கறுப்பு. ஆனால் யாராவது கேட்டால் கொஞ்சமும் கூசாமல் "மாநிறம்" என்பார். நானும் ஏழாம் மாடியில் சமைக்கிற இத்தனை வருஷமும் மாநிறமாகத்தான் இருந்திருக்கிறேன். பிரேசிலில், எங்கள் சால்வடோர் நகரத்தில் யாரையும் முகத்துக்கு நேரே கறுப்பு என்று சொல்லக் கூடாது, மரியாதை இல்லை. கண்ணாடிக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை.

கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். கண்ணாடி பதித்த முன் லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும். பின் லிஃப்ட் எனக்கும் குப்பைக்கும் நாய்க்கும். முன் லிஃப்டுக்குப் பக்கத்தில் பித்தளையில் ஒரு பலகை: நிறம், தொழில் பார்த்து இங்கே யாரையும் தடுப்பது சட்டப்படி குற்றம். தினமும் காலையில் ஜுராந்திர் அதைப் பளபளவென்று துடைப்பார். துடைத்துக்கொண்டே, உள்ளே வருகிறவன் கறுப்பாக இருந்தால் ஒரு பார்வை பார்த்து, பின் லிஃப்டுக்குப் போ என்று மோவாயைப் பின்பக்கம் தூக்கிக் காட்டுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போட்டதே இல்லை.

அந்த மோவாய்தான் அவர் குடியைக் கெடுத்தது. மகள் ரைல்டா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் அப்பாவைக் கட்டிக்கொள்ள முன்வாசல் வழியாக ஓடி வந்தாள். லிஃப்டுக்காக நாலு பெரிய மனிதர்கள் நின்றிருந்தார்கள். இந்த மனுஷன் அவளுக்கும் மோவாயைத் தூக்கிக் காட்டினார். அதோடு பேச்சு நின்றது. படித்து முடித்து அமெரிக்காவுக்குப் போனவள் எனக்குத்தான் போன் செய்வாள். "சாப்பிட்டாளாமா?" என்று இவர் என்னிடம் கேட்கும்போது எனக்குப் பாவமாகவும் இருக்கும், ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கும்.

போன மாதம் ரைல்டா சொன்னாள்: "கட்டிக்கப்போறவரக் கூட்டிட்டு வர்றேன் க்ரெமில்டாக்கா. அப்பா இன்னும் அப்படியேதான் இருக்கார்னா, கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டேன்."

ஜுராந்திர் முடி வெட்டிக்கொண்டார், புதுச் சட்டை போட்டுக்கொண்டார். அவள் வர வேண்டிய அன்றைக்கு நான் சந்தையிலிருந்து நண்டு வாங்கிவந்து பின் லிஃப்டுக்காக நின்றிருந்தேன். நெட்டையாக, கோட்டு போட்ட ஒரு கறுப்பு ஆள் உள்ளே வந்தான். ஜுராந்திரின் மோவாய் தானாக உயர்ந்தது.

"பின்னாடி போ தம்பி."

அவனுக்குப் பின்னாலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள் ரைல்டா. "அப்பா, இவர்தான் வெண்டல்."

போச்சுடா என்றிருந்தது எனக்கு.

வெண்டல் கோபப்படவில்லை. பித்தளைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். அவள் கற்றுக்கொடுத்த போர்த்துகீசியத்தில் மெதுவாகக் கேட்டான்: "அமெரிக்காவுல எங்க தாத்தா காலத்துல கறுப்பன் இந்தப் பக்கம்னு பலகை எழுதி மாட்டியிருப்பாங்க. இங்க அப்படிச் செய்யாதன்னுல்ல எழுதியிருக்கு? அப்புறம் எப்படி?"

"எங்களுக்குப் பலகை எதுக்கு? இவரு மோவாக்கட்டை போதாதா?" என்றேன்.

ஜுராந்திர் புதுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க நாட்டுல அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது தம்பி. எல்லாரும் கலந்தவங்க. நானே மாநிறந்தான்."

"எங்க ஊர்ல கொள்ளுத்தாத்தா ஒருத்தர் கறுப்பா இருந்தாப் போதும், நீயும் கறுப்புதான்."

"இங்க கொள்ளுத்தாத்தா ஒருத்தர் வெள்ளையா இருந்தாப் போதும். தப்பிச்சோம்!" என்றேன்.

ரைல்டா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரோட முப்பாட்டனையும் வெள்ளைக்காரன் சங்கிலி போட்டுத்தான் கப்பல்ல ஏத்தினான். இறக்கின துறைமுகம் வேற, அவ்வளவுதான். அங்க இருந்தவனாவது பலகையில எழுதி வச்சான். எனக்கு நீங்கதானேப்பா காட்டினீங்க?"

"வேற எவனாவது சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிட்டா உனக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்டி."

"வலிச்சுதுப்பா."

ஜுராந்திர் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முன் லிஃப்டின் பொத்தானை அழுத்தினார். அவருடைய அறை மொட்டைமாடியில்தான். ஆனாலும் அந்த லிஃப்டில் கண்ணாடி துடைத்திருக்கிறாரே தவிர, ஒரு நாளும் ஏறிப் போனதில்லை. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

சரியாக அப்போதுதானா லவீனியா அம்மா வர வேண்டும்! ஏழாம் மாடி எஜமானி. என்னை "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று ஊரெல்லாம் சொல்கிறவர். லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார்:

"என்ன ஜுராந்திர், பின் லிஃப்ட் ரிப்பேரா?"

இந்த வேலை போனால் அந்த மனுஷனுக்கு அறையும் போச்சு. ரைல்டா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோவாய் மெல்ல உயர்ந்தது. பின்பக்கம் காட்டியது.

"நல்லாத்தாம்மா ஓடுது. அவசரம்னா அதுல போங்க."

கதவு மூடும்போது ரைல்டா அவர் தோளில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன்.

லவீனியா அம்மா முன் லிஃப்டின் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நான் பின் லிஃப்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"வாங்கம்மா, நண்டெல்லாம் கட்டித்தான் வச்சிருக்கேன், கடிக்காது. வீட்டுப் பொண்ணுதானே கூப்பிடுறேன்?"