விமான நிலையத்தில் கொடுத்த தேதி

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஜூன் மாதம், கொச்சி மட்டாஞ்சேரியில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் இது தொடங்கியது. அங்கே ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தேன். தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் தேதி தவறாமல் புதுப்பிப்பதுதான் என் வேலை. அதனால் ஊர் திரும்பிய பிறகு, விசா என்ற வார்த்தை இருக்கிற எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் நேராக என் கடைக்கு வந்துவிடுவார்கள். நானும் எனக்குத் தெரியாத காகிதம் உலகத்திலேயே இல்லை என்பதுபோல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்ப்பேன். சரியான தலைக்கனம். அது என்ன செய்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அன்று குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மாநகராட்சியில் துப்புரவுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள். களமசேரியில் படித்து, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மாப்பிள்ளையைக் கட்டி, அமெரிக்காவில் இருந்தாள். கணவனுக்கு வேலை விசா, இவளுக்கு அதோடு ஒட்டிய குடும்ப விசா. அவளுடைய முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியவனே நான்தான். என்னை மாமா என்பாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று நான் விரல் வைத்த இடத்தில், படித்துப் பார்க்காமலேயே போடுவாள்.

கணவன், குழந்தையோடு ஊருக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பிப் போயிருந்தாள். அண்ணன் செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, மோள் ஏதோ பேப்பர் அனுப்பியிருக்கா. உன்கிட்ட காட்டச் சொன்னா. ஒண்ணு நோக்கு."

இரண்டு காகிதங்களின் படம் இருந்தது. கூடவே ஒரு செய்தி. எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் எல்லாரையும்போல் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள். முதல் காகிதம், அவள் அமெரிக்காவில் தொடர்ந்து இருக்க அந்த நாட்டு அலுவலகம் கொடுத்த ஒப்புதல் கடிதம். ஊருக்கு வருவதற்கு முன்பே வந்தது. அதில் கிட்டத்தட்ட மூன்று வருடம் தள்ளி ஒரு தேதி. இரண்டாவது, இப்போது திரும்பிப் போய் இறங்கியபோது விமான நிலையத்தில் பதிவான வருகைச் சீட்டு. அதில் எதுவரை தங்கலாம் என்ற இடத்தில் அதே வருடம் அக்டோபர். கணவனுடைய சீட்டில் முழு மூன்று வருடம் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் மாறியிருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

அங்கே இரவு பத்து மணி இருக்கும். உடனே கூப்பிட்டேன். எடுத்தாள்.

"மாமா, எனக்கு ஒரு சம்சயம். இவரோட கம்பெனி வக்கீலுக்கு ஒரு மெயில் போடலாமான்னு நினைக்கிறேன்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வளைகுடாவில் எங்களுக்கு அலுவலகம் கொடுக்கிற காகிதம்தான் வேதம். விமான நிலையத்தில் குத்துகிற முத்திரை, ஆள் உள்ளே வந்தான் என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். இன்னொரு பாடமும் அங்கே படித்திருந்தேன். கூப்பிடாமல் எந்த ஆபீஸ் வாசலிலும் போய் நிற்கக் கூடாது. நாமாகப் போய் ஒரு சந்தேகம் கேட்டால், அவன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, இல்லாத ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பான். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இதைத்தான் சொல்லிச் சொல்லி அனுப்புவோம். அதை அப்படியே இவளுக்கும் சொன்னேன்.

"வேண்டாம் மோளே. அப்ரூவல் பேப்பர்தான் பெரிசு. ஏர்போர்ட்ல இருந்தவன் எதையோ தட்டி வச்சிருப்பான். நீயாப் போய்க் கேட்டா வீண் தலைவலி. வாயைத் திறக்காம, மிண்டாம இரு."

"அப்போ பிரச்சினை இல்லல்லே மாமா?"

இல்லை என்று அடித்துச் சொன்னேன். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்க்கடையில் எனக்குச் சாயாவும் பழம்பொரியும் சொன்னார்.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. அவளுடைய பாஸ்போர்ட்டும் அந்த அக்டோபரோடு முடிகிறது என்று எனக்கு ஞாபகம் இருந்தது. மறக்காமல் புதுப்பிக்கச் சொன்னதும் நான்தான். அவளும் அங்கேயே புதுப்பித்துவிட்டாள். இரண்டும் ஒரே தேதியாக இருக்கிறதே, ஏன் என்று என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

அடுத்த வருடம் ஜூலையில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, மெதுவாகத் தேறுவார் என்று டாக்டர் சொன்னார். மகளுக்கு நான்தான் தகவல் சொன்னேன். அடுத்த விமானத்திலேயே வருகிறேன் என்றாள்.

மறுநாள் அவளிடமிருந்து போன் வந்தது. அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. பயணத்துக்கு முன் காகிதங்களைப் பார்த்த வக்கீல், அவள் அங்கே தங்கும் அனுமதி போன அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். ஒப்புதல் கடிதத்தில் எந்தத் தேதி இருந்தாலும், அதற்குப் பிறகு வெளிநாடு போய்த் திரும்பினால், கடைசியாக விமான நிலையத்தில் கொடுத்த தேதிதான் செல்லுமாம். அவள் பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்ததால், அந்த அதிகாரி பாஸ்போர்ட் முடிகிற நாள் வரை மட்டும்தான் கொடுத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு மேல் அனுமதி இல்லாமல் இருந்திருக்கிறாள். இனி நாட்டை விட்டு வெளியே வந்தால் மூன்று வருடம் திரும்பிப் போக முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போடலாம். அதற்குப் பதில் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

போன வருடமே ஒரு மெயில் போட்டிருந்தால், அக்டோபருக்கு முன்னால் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும் என்று வக்கீல் சொன்னாராம். அதை அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவர் சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், அதில் இதுவும் வந்துவிட்டது. தப்பு என் மேல்தான் மோளே, அப்பாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம் மாமா. அங்க அவருக்கு நீங்க மட்டும்தான் இருக்கீங்க. உங்க மேலயும் நம்பிக்கை போயிட்டா அவர் யாரை நம்பிப் படுத்திருப்பாரு? பேப்பர் வர லேட் ஆகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். தினமும் கடையை மதியத்தோடு மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் குழறிக் குழறி முதலில் கேட்பது, பேப்பர் வந்துச்சா என்பதுதான். அடுத்த வாரம் வந்துடும் என்பேன். ஊசி போட வந்த நர்ஸிடம் ஒரு நாள் என்னைக் காட்டி, "என் மோளோட பேப்பரெல்லாம் இவனாக்கும் நோக்குறது. இவன் இருக்கான், பயமில்ல, பேடிக்க வேண்டா" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். அங்கே நிற்க முடியாமல் மருந்து வாங்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. அதற்குள் அண்ணன் கேட்பதை நிறுத்திவிட்டார். மகள் வீடியோவில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் வாயை மூடிக்கொண்டு சொன்னார்.

"அவளுக்கு வர மனசில்ல தம்பி. பேப்பர் பேப்பர்னு சும்மா சொல்றா. அப்பன் குப்பை வாரினவன்தானே."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவ்வளவு நாளாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர் மகளின் மௌனம். அதற்கு அவள் கொடுத்துக்கொண்டிருந்த விலை என்னவென்று அப்போதுதான் புரிந்தது. அவளுக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன். இரண்டு தேதிகள், அவள் கேட்டது, நான் சிரித்தது, கேட்காதே என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல அண்ணே, நான்தான் கெடுத்தேன் என்றேன்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். கடைசியில் இவ்வளவுதான் கேட்டார்.

"அப்போ மோளுக்கு வர மனசுண்டு, அல்லே?"

உண்டு அண்ணே என்றேன். இடது கையை நீட்டிப் போனைக் கேட்டார். அங்கே விடிந்தும் விடியாத நேரம். அவள் எடுத்ததும், சாப்பிட்டியா மோளே, குழந்தை எழுந்தாளா என்று கேட்க ஆரம்பித்தார். நான் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் குழாயடியிலேயே நின்று அழுதேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் என்னைக் காட்டி, இவன்தான் பேப்பர் நோக்குவான் என்று எந்த நர்ஸிடமும் மறுபடி சொல்லவும் இல்லை.

பத்து நாள் கழித்து இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. அன்று சாயங்காலமே போய்விட்டார். காரியங்களைச் செய்யத் திருநெல்வேலியிலிருந்து அவருடைய தம்பி மகன் வந்தான். பள்ளுருத்திச் சுடுகாட்டில் நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் நின்று நின்று வந்தது. "மாமா, அப்பா முகம் தெரியல, கொஞ்சம் கிட்ட போங்க, கிட்ட போங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

மனுவுக்கு ஒப்புதல் கிடைத்தபோது அவர் போய் மூன்று மாதம் கடந்திருந்தது. தாமதத்தை மன்னித்துவிட்டார்கள். மற்ற ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு ஜனவரியில் குழந்தையோடு வந்தாள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று என் கடைக்கே வந்தாள். எத்தனையோ கடை இருக்கிறது, என்னிடம் ஏன் வந்தாள் என்று நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்தேன். இறந்த தேதியை அடிக்கும்போது எனக்குக் கை வரவில்லை. அவளே எட்டி அந்த எண்களை அடித்தாள்.

வாக்கை மீறி அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டதை ஒப்புக்கொண்டேன். தெரியும் மாமா என்றாள்.

"கடைசிப் பத்து நாள் அப்பா என்கிட்ட பழைய மாதிரி பேசினாரு. நீங்க சொல்லிட்டீங்கன்னு அப்பவே மனசிலாச்சு. அது நல்லதா போச்சு."

கையெழுத்துப் போட விண்ணப்பத்தை நீட்டினேன். அவள் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தாள். திருப்பி இன்னொரு தடவையும் படித்தாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தாள். அவள் செய்ததுதான் சரி. ஆனாலும் எனக்கு எங்கோ வலித்தது.

இப்போதும் கடை நடக்கிறது. தெரியாத நாட்டுக் காகிதம் வந்தால், இது எனக்குத் தெரியாது, தெரிந்த வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். இவனுக்குக் கெத்து கூடிப்போச்சு என்று சிலர் முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். அந்த மழைநாள் காலையில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வந்திருந்தால், மகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அந்த மனிதர் போயிருப்பார்.