சீமையில் படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்குச் செய்த கருமாதி

எங்கள் குடும்பத்தின் மூத்த மகனும் என் ஒரே உடன்பிறப்புமாகிய அண்ணனுக்கு முதல் கருமாதி நடந்த அன்று, அவர் லண்டன் மாநகரில் நல்ல உடல்நலத்துடன் பொருளாதாரப் பட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பெரும்பாலோர் அந்தக் கருமாதிக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போனவர்கள். உண்மையாகவே அவர் இறந்தபோது உங்களில் ஒருவரும் வரவில்லை. ஆகையால் அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து சொல்வது தங்கையாகிய என் கடமை.

அண்ணன் கொல்லிமலையில் எங்கள் ஊரில் சாமை அறுப்புக் காலத்தில் பிறந்ததாக அம்மா சொல்வார். மலையில் பாதிரியார் ஒருவர் நடத்திய பள்ளியில் நாங்கள் இருவரும் படித்தோம். என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அண்ணன் சேலத்துக்கும் பிறகு சென்னைக்கும் போனார். அவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த பாதிரியார், சீமையில் தமக்கு வேண்டியவர்களுக்கு எழுதி, அங்கே பொருளாதாரம் படிக்க இடம் வாங்கித் தந்தார். அப்பா பூரித்துப்போய் ஊர்க்கூட்டத்தில் சொன்னார்.

"அதென்ன படிப்புங்க?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"சந்தையப் பத்துன படிப்புங்களாம்" என்றார் அப்பா.

"சந்தைக்குப் போறதுக்குக் கப்பல் எதுக்குங்க?" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கப்பல் ஏறுவதில் உள்ள குற்றம் அன்றைக்கு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

லண்டனில் அண்ணன் பட்டதை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். மாடியறை ஒன்றில் குளிரில் பல் கிட்டிக்கக் கிடந்தாராம். வீட்டுக்காரி அவர் குடித்த கோப்பையை மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் தனியே கவிழ்த்து வைப்பாளாம். நம்மவர்கள் தேவலையா என்றால் அதுவும் இல்லை. அங்கே படித்த மற்ற இந்தியப் பிள்ளைகள் ஜமீன் வீட்டாரும் வக்கீல் வீட்டாரும். மலைக்காரன் என்று தெரிந்ததும், "வில்லும் அம்பும் எங்கே வைத்திருக்கிறாய்?" என்று தினமும் விசாரிப்பார்களாம்.

ஒருநாள் வகுப்பில் பேராசிரியர், பணத்தின் அருமை தெரியாத மலைச்சாதியார் கேட்ட விலைக்குப் பொருளை விட்டுவிடுவார்கள் என்று பாடம் சொல்லி, அதற்கு உதாரணமாக அண்ணனையே எழுப்பி நிறுத்தினார். அண்ணன் நின்றபடியே பதில் சொன்னார். "எங்கள் ஆட்களுக்கு விலை தெரியும் ஐயா. விடியுமுன் தலைச்சுமையோடு இறங்குகிறார்கள். இருட்டுவதற்குள் மலையேற வேண்டும். விற்காத சுமையைத் திரும்பத் தூக்கிப்போக முடியாது. வியாபாரிக்கு அது தெரியும். பொழுது சாயும்வரை அவன் வாயே திறக்க மாட்டான்."

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது பொருளாதாரம் இல்லை, பயம்" என்றாராம். வகுப்பே சிரித்தது. அண்ணனுக்கு அது வைராக்கியமாகிவிட்டது. பொழுது சாய்ந்தால் விலை ஏன் விழுகிறது என்ற அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மற்ற எல்லாவற்றையும் படித்தார்.

அவர் அங்கே இப்படிப் படிக்க, இங்கே எனக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை என் தாய்மாமன் மகன். மாமா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே பேசினார்.

"கடல் தாண்டுனவன் ஊட்டுல எப்படிங்க மச்சான் பொண்ணெடுக்கறது? நாளைக்கு அவன் கண்டவன் ஊட்டுச் சோத்தைத் தின்னுட்டு வந்து நிப்பான். அவன் இல்லீன்னு ஆக்கிருங்க. மறுநாளே பரிசம் போட வாரேன்."

ஊர் ஒருவரை விலக்கினால் அவர் இறந்தவர்தான். அதை உறுதிப்படுத்த அவருக்குக் கருமாதி செய்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அப்பா ஓர் அறுவடை தாண்டும்வரை முரண்டு பிடித்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். தினைத்தட்டையில் ஆள் உயரத்துக்கு உருவம் கட்டி, அண்ணனின் பள்ளிக்கூடச் சட்டையை அதற்கு மாட்டி, குழிவெட்டிப் புதைத்தார்கள். அம்மா உண்மையாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஊரில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், அண்ணனுக்கு எழுதிவிடாதபடி என் மையும் தாளும் முன்னதாகவே அடுப்புக்குள் போயிருந்தன. மாமா வாக்குத் தவறாதவர். சொன்னபடியே வந்து பரிசம் போட்டார்.

அண்ணன் பரீட்சையில் தேறினார். சென்னையில் உத்தியோகம் கிடைப்பதாக இருந்தது. அதற்குமுன் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று, அவருக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார். நோம்பித் திருவிழாவுக்காக நான் தாய்வீட்டில் இருந்தேன். வாசலில் அவரைக் கண்ட அப்பா எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க?"

"நாந்தானுங்கப்பா."

"எங்க பையன் செத்துப்போயிட்டானுங்க. கீழ போறதுன்னா இப்பவே எறங்கிருங்க. இருட்டிப்போகும்."

பெற்ற மகனுக்கு அப்பா கொடுத்த மரியாதை அது. அண்ணன் போர்வையை வாசலில் வைத்துவிட்டு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடிப்போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நடந்தவர், "என்ன சாப்பாடு போட்டாங்க கண்ணு?" என்றார்.

"நெல்லுச்சோறும் மொச்சக்கொழம்புமுங்கண்ணா."

"பரவால்ல, நல்லாத்தான் போட்டிருக்காங்க. எனக்கு அன்னிக்கு வெறும் ரொட்டியாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அவர் சென்னைக்குப் போகவில்லை. அடிவாரத்தில், சந்தைக்குப் போகும் வழியில், ஒரு கொட்டகை போட்டார். மலையிலிருந்து வருபவர்கள் சுமையை அங்கே இறக்கி வைக்கலாம். பொழுது சாய்ந்தால் அங்கேயே படுத்து, மறுநாள் காலையில் விற்கலாம். லண்டனில் படித்த படிப்புக்கு அவர் செய்த காரியம் இது ஒன்றுதான். குண்டனி நாடு, பெரக்கரை நாடு, குண்டூர் நாடு என்று கொல்லிமலையின் எல்லாப் பகுதி மிளகும் கடுகும் அங்கே இறங்கின. வியாபாரிகள் காலையிலேயே வாயைத் திறக்க ஆரம்பித்தார்கள். நீங்களும் வந்தீர்கள். சுமையை இறக்கினீர்கள், படுத்தீர்கள், விடிந்ததும் நல்ல விலைக்கு விற்றீர்கள். செத்தவனோடு பேசக்கூடாது என்று அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவர் போட்ட கூரையின் கீழ் உங்களுக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது.

அம்மாவும் சந்தைதோறும் வருவார். ஊர்க்கட்டுப்பாட்டை மீற அவருக்குத் துணிச்சல் இல்லை. அதனால் இறக்கி வைத்த மூட்டையைப் பார்த்து, "நேரத்துக்குச் சோறு திங்கோணும் சாமி, ஒடம்பு எளச்சுப்போச்சு" என்பார். அண்ணனும் அந்த மூட்டையைப் பார்த்தே, "சரிங்கம்மா" என்பார். பல வருஷங்கள் தாயும் மகனும் பேசிக்கொண்டது இப்படித்தான்.

சென்ற மழைக்காலத்தில் அண்ணனுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. இங்கிலீஷில் ஏதோ பேசினார். வகுப்பில் யாருக்கோ பதில் சொல்வதுபோல இருந்தது. மறுநாள் உயிர் பிரிந்தது. நான் மலையேறி மாமாவிடம் போய் நின்றேன்.

"அவனுக்குத்தான் எல்லாம் செஞ்சு முடிச்சாச்சே கண்ணு" என்றார் மாமா. "ஒரு ஆளுக்கு ரெண்டு கருமாதி எந்த ஊர்ல செய்யறாங்க?"

"கருமாதி வேண்டாமுங்க மாமா. அந்தக் குழியிலயாவது வெக்க உடுங்க."

"அதுல ஏற்கெனவே ஆள் இருக்குதே" என்றார்.

சட்டை போட்ட தினைத்தட்டைக்கு எங்கள் ஊர் மண்ணில் இடம் இருக்கிறது. என் அண்ணனுக்கு இல்லை. கொட்டகைக்குப் பக்கத்திலேயே புதைத்தோம்.

முறைப்படி நன்றி கூறவேண்டும். எங்கள் சாதியோ சனமோ இல்லாமலிருந்தும் அண்ணனைத் தூக்கிய அடிவாரத்துக் கூலிக்காரர்களுக்கும், குழி வெட்டிய வண்டிக்காரருக்கும் என் நன்றி. மூட்டைகூட இல்லாமல் வெறும் கையோடு இறங்கிவந்து, குழியைப் பார்த்து முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அம்மாவுக்கு நன்றி. முதல் கருமாதிக்குத் தவறாமல் வந்த உறவினர் அனைவருக்கும் நன்றி. என் மாமனாராகிய மாமாவுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டில் எழுத்துப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் கேட்டால் நானே ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுவேன்.

அண்ணனுக்குப் பிறகு கொட்டகையை நான் பார்த்துக்கொள்கிறேன். வழக்கம்போல நீங்கள் சுமையோடு வரலாம். அவருக்கு ஒரு பிடி மண் போட யாருக்காவது மனம் வந்தால் குழி பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டிவிடும் என்று அவசரப்பட வேண்டாம். உங்களுக்குப் படுக்க இடம் இருக்கிறது.