நாற்பத்து நான்கும் இருபத்தெட்டும்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குள் ஏதோ ஒன்று வந்து தங்கியது. கெமிஸ்ட்ரி டீச்சர் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சிரிக்க ஒருவரும் இல்லை.

சாந்தோம் பக்கம் மாடி வீடு. முன்னறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். உள்ளறையில் என் மகள் ஷீலா, பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். ஒரு சாயங்காலம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, ரூம்ல யாரோ நிக்கிறாங்கமா. மூஞ்சி தெரியல.”

தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஆனால் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது வந்தது. காலடிச் சத்தம் கேட்கிறது என்றாள். மூச்சு அடைக்கிறது, தலை பிளக்கிறது என்றாள். விடிந்தால் தெளிந்துவிடுவாள். குழந்தையோ பாலுக்குக்கூட அழாமல் துவண்டு தூங்கியது. டாக்டரிடம் காட்டினோம். பிரசவ அசதி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரரின் தங்கை ஆரோக்கியம் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். விஷயத்தைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“காத்து கருப்புதான் அண்ணி. பச்ச ஒடம்புக்காரிய புட்சிக்கினு கீது. சாம்பிராணி பத்தல. இன்னும் கொஞ்சம் கரி அள்ளிப் போடணும்.”

தாய்க்கும் பிள்ளைக்கும் சாம்பிராணி போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அவள்தான் தினமும் சட்டியில் கரி நெருப்பு கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைப்பாள். பச்சை உடம்பில் ஈரக்காற்று படக்கூடாதென்று சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைத் திணிப்பாள். பயம் வந்தபின் ஒரு சட்டி இரண்டாயிற்று. அது போகவில்லை. இப்போது ஏதோ சொல்லப் பார்க்கிறது என்றாள் ஷீலா.

நான் மாதா சுரூபத்தின் முன் விழுந்து அழுதேன். “தாயே, என் பிள்ளை அறையில் நிற்பதை விரட்டிவிடு” என்று மன்றாடினேன். ஜெபமாலை விரலில் ஓடியது, மனம் அதில் இல்லை. ஒன்றும் மாறவில்லை. மாதா கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். கோபம்கூட வந்தது.

அன்று நல்ல மழை. ஆரோக்கியம் இரண்டு சட்டியையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். போர்டில் மோல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கிராம் கார்பன் முழுதாக எரிய முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பது நாற்பத்து நான்கு கிராம் கார்பன் டை ஆக்சைடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் என் கை இருபத்தெட்டு என்று எழுதியது.

“மிஸ், நாப்பத்தி நாலு தானே?” என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்.

அழித்துவிட்டு எழுதினேன். மறுபடியும் இருபத்தெட்டு. அதையும் அழித்தேன். மூன்றாவது முறை, யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து எழுதுவதுபோல் இருந்தது. அதே இருபத்தெட்டு. பிடித்த இடம் சில்லென்றிருந்தது.

“இருபத்தெட்டு எப்ப மிஸ் வரும்?” அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

என் வாய் தானாகப் பதில் சொன்னது. “ஆக்சிஜன் பாதிதான் கெடச்சா வரும். பதினாறு கிராம்தான் இருக்குன்னா, கார்பன் மோனாக்சைடு வரும். விஷம். நிறம் கெடையாது, வாசனை கெடையாது. மூடின ரூம்ல கரி எரிஞ்சா...”

சொல்லி முடிக்கவில்லை. உள்ளறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கதவைத் தள்ளினேன். கீழே துண்டு சிக்கிக்கொண்டது. தோளால் மோதித் திறந்தேன். ஷீலா வாய் பிளந்து கிடந்தாள். குழந்தை அசையவில்லை. அள்ளிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். பிள்ளைகள் ஷீலாவைத் தூக்கி வந்தார்கள். சாரல் முகத்தில் பட்டு, குழந்தை வீல் என்று கத்தியது. என் ஆண்டவரே, அந்த அழுகை!

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றார்கள். அந்த விஷக்காற்று ரத்தத்தில் ஏறினால் இல்லாத உருவம் தெரியும், சத்தம் கேட்கும் என்றும் டாக்டர் விளக்கினார். ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாசத்தில் செய்தவளை என்ன சொல்ல? கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

வீடு திரும்பியதும் ஷீலாவிடம் கேட்டேன், அது எங்கே நிற்கும் என்று.

“சன்னலாண்டதாம்மா. எப்பவும் தாழ்ப்பா மேல கைய வெச்சிக்கினு, தெறக்கப் பாக்கற மாதிரி நிக்கும்.”

டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். நான் வாதாட வரவில்லை. ஆனால் யாரை விரட்டச் சொல்லி மாதாவிடம் அழுதேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் முழங்காலிடுகிறேன். உங்கள் வீட்டிலும் கரிச்சட்டி இருந்தால் இன்றே கதவைத் திறந்து விடுங்கள். உங்கள் கஷ்டத்தை மாதாவிடம் சொல்லுங்கள். கேட்டது நடக்கவில்லையே என்று என்னைப்போல் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் தந்த பதிலை நான் இரண்டு முறை என் கையாலேயே அழித்தேன். அவள் சலிக்காமல் மறுபடியும் எழுதினாள்.