கீழ்க் குழாயின் சுருள்கம்பி

மனைவியின் தம்பி, தன் மகளின் கலியாணத்துக்கு அந்தக் காரைக் கேட்டிருந்தான். நகரின் பொலிதேயாமா பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிக்னோராவின் காலஞ்சென்ற கணவருடையது அது. பெரிய எஞ்சின் பூட்டிய பழைய அமெரிக்கக் கார். பராமரிப்பு என் பொறுப்பு. சிக்னோராவும் சம்மதித்தார். ஒரு மாதம் முன்பே ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனான். விமான நிலையச் சாலையில் எஞ்சின் கொதித்து, ஆவி பறக்க நின்றுவிட்டது.

"நிண்டா ஒண்டுமில்லை அத்தான். வேகம் பிடிச்சாத்தான் சூட்டு ஊசி ஏறுது."

அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், அவன் கண்மண் தெரியாமல் ஓட்டிவிட்டான் என்று சிக்னோராவிடம் சொன்னேன். சாவி அவருடைய மேசைக்குள் போனது. மணமகள் வாடகை வான் வண்டியில் மண்டபத்துக்குப் போனாள். நான் அவளுக்கு மாமா.

கலியாணம் முடிந்த பிறகுதான் காரைச் சோதித்தேன். நிறுத்திவைத்தபடியே அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். ஊசி நடுவிலேயே நின்றது. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுநீரில் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. விசிறியிலும் பிழையில்லை. அப்போதுதான் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, பானெட்டைத் திறந்து வைத்தபடி எஞ்சின் வேகத்தை முறுக்கி ஏற்றினேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய், யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவதுபோல் தட்டையானது. முறுக்கைத் தளர்த்தியதும் மீண்டும் உருண்டையானது. அப்படி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அதற்குள் ஒரு சுருள்கம்பி வைப்பார்கள்.

கார் வேலைகளை எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் புரட்டினேன். போன வருடம், என் கையெழுத்து: "கீழ்க் குழாய் மாற்றினேன். உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்திருந்தது, எறிந்தேன். தரை துடைத்தேன்."

புதுக் கம்பி போட்டு அதே சாலையில் ஓட்டினேன். ஊசி அசையவில்லை. சிக்னோராவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் மேசையைத் திறந்து சாவியை எடுத்தார். "இதை உங்கள் மச்சானிடம் நீங்களே கொடுங்கள்" என்றார்.

பக்கத்துப் பகுதியான போர்கோ வெக்கியோவில் அவன் வீட்டு வாசலில் நின்று எல்லாம் சொன்னேன்.

"இப்ப என்னத்துக்கு அத்தான்? எனக்கு இன்னொரு மகள் இல்லையே."

சாவியை நீட்டினேன். அவன் சாவியை வாங்கினான். "சரி, ஏறுங்கோ. மீன் வாங்க வேணும்."

கடற்கரைச் சாலை காலியாகத்தான் கிடந்தது. முப்பதைத் தாண்டாமல் ஊர்ந்தான். கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்றேன்.

"ஐயோ, நான் கண்மண் தெரியாமல் ஓடுற ஆள் அத்தான். உங்கட சிக்னோராவைக் கேட்டுப் பாருங்கோ."