கடுகுக்கு ஒரு வாய்

அஞ்சலகத்துப் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் மூட்டைகளை எடை போட்டே பாதி ஆயுள் கழிந்தவளுக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. தெருவில் அவளுக்கு கிராம் அக்கா என்று பெயர். அவள் வீட்டுப் பொமரேனியன் நாய் குட்டி போட்டால் போதும், சமையலறைத் தராசு மேடையை விட்டு இறங்கிக் கூடத்துக்கு வந்துவிடும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்தில் பழைய துண்டு, துண்டில் ஒரு குட்டி. தினமும் காலையில், பால் குடிப்பதற்கு முன்னால்தான் எடை. குடித்த பிறகு போட்டால் வயிற்றில் இருக்கும் பாலும் சேர்ந்து பொய் சொல்லிவிடும் என்பாள்.

"தங்கத்தைக்கூட யாரும் இப்படி நிறுத்துப் பாக்க மாட்டாங்க," என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர்.

"தங்கம் எடை குறைஞ்சா செத்துப் போகாதுங்க. இது போயிடும்."

அதோடு அவர் வந்து துண்டைப் பிடிப்பார்.

அவள் சொன்னதில் மிகையே இல்லை. பெரிய ஜாதிக் குட்டி ஒரு வேளை பட்டினி கிடந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். கைக்குள் அடங்கும் இந்த ஜாதிக்கு உடம்பில் சேர்த்து வைத்தது என்று ஒன்றுமே கிடையாது. சத்தமில்லாமல் துவளும், உடம்பு சில்லிட்டுப் போகும், கதை முடிந்துவிடும். இதில் முடி வேறு ஏமாற்றும். குட்டி பார்க்க வருகிறவர்கள், "அடடே, கொழுகொழுன்னு இருக்கே" என்றால், அவர்கள் விரலைப் பிடித்து இழுத்துக் குட்டியின் விலாவில் வைப்பாள். "எலும்பு கைக்குத் தட்டுப்படணும். குத்தக்கூடாது. தேடினாலும் கிடைக்கலன்னா அதுவும் ஆபத்துதான், பின்னால முட்டி தாங்காது." யாராவது இன்னும் சின்னதாக, டீக் கோப்பைக்குள் அடங்குகிற மாதிரி கிடைக்குமா என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "கோப்பை வேணும்னா பாத்திரக் கடைக்குப் போங்க" என்று வாசலைக் காட்டிவிடுவாள். நாக்கு கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் கையால் வளர்ந்து போன குட்டி எதுவும் நோஞ்சானாகப் போனதில்லை. அதற்காகவே அந்த நாக்கைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பிறந்தவற்றில் கடைக்குட்டிதான் கடுகு. மற்றவை முட்டித் தள்ளிவிட்டுக் குடிக்க, இது ஓரத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். அக்கா அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலத்திலேயே தரையில் உட்கார்ந்து, தடியன்களைக் கையால் ஒதுக்கி, பால் அதிகம் சுரக்கும் பின் காம்பில் கடுகைப் பிடித்து வைப்பாள். குட்டி சின்னதாக இருப்பது அவளுக்குக் கவலையில்லை. நேற்றைக்கு இன்று ஏறியிருக்கிறதா என்பதுதான் கவலை. ஆமை வேகம்தான் என்றாலும் ஏறியது.

அந்தக் கடுகைத்தான் தங்கை கேட்டாள். போன வருஷம் கணவர் தவறிப்போனதிலிருந்து அவள் தனியாக இருந்தாள். அக்கா உடனே கொடுத்துவிடவில்லை. மற்ற குட்டிகள் எல்லாம் போன பிறகும் கடுகை வைத்துக்கொண்டு, அது தானாகத் தட்டில் தின்று, எடை தடுமாறாமல் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் தங்கை மடியில் வைத்தாள். மற்றவர்களுக்கு எத்தனை வேளை, எவ்வளவு என்று காது புளிக்கச் சொல்லி அனுப்புகிறவள், தங்கைக்கு மட்டும் சுருக்கிவிட்டாள். தங்கை தாடை ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கும்போதே பைக்குள் கைவிட்டு எதையாவது எடுத்துக் கொறித்தவள் அவள்.

"உனக்கு மணி பாத்து செய்யறதெல்லாம் சரிப்படாது. நீ சாப்பிடறப்பல்லாம் அதுக்கும் ஒரு வாய் வை. போதும்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் காலை, கவுண்டருக்கு முன்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, கடுகு எந்திரிக்க மாட்டேங்குது. கூப்பிட்டா கண்ணை மட்டும் தொறக்குது."

பக்கத்து நாற்காலிக்காரரிடம் முத்திரைக்கட்டையைக் கொடுத்துவிட்டு அக்கா ஓடினாள். தங்கை வீட்டில் கடுகு ஈரத்துணி மாதிரி கிடந்தது. ஈறு வெளுத்துச் சில்லென்று இருந்தது. வாயில் ஊற்றினால் புரையேறிவிடும் என்று, சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு ஈறில் தடவினாள். போர்வையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தங்கையை ஆட்டோவில் இழுத்துப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். வழியெல்லாம் தடவிக்கொண்டே போனாள்.

"சர்க்கரை அடியோட எறங்கியிருக்கு. ஈறுல தடவிட்டு வந்தீங்களே, அதுதான் இதைத் தாங்கிப் பிடிச்சிருக்கு," என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா ஊசியைச் செலுத்தினார். மத்தியானத்துக்குள் கடுகு தலையைத் தூக்கியது. அக்காவின் விரலை நக்கியது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. தங்கையை வெளியே பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உங்கிட்ட என்னடி சொன்னேன்? ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடச் செய்ய முடியலையா?"

"நீ சொன்னபடிதான்கா செஞ்சேன். நான் சாப்பிட்டப்பல்லாம் வச்சேன்."

"அப்புறம் எப்படி இப்படி ஆகும்?"

தங்கை தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பிடுவேன். நேத்து அதுவும் சாப்பிடல."

தங்கை வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறவள்தான். தட்டு வைத்தால், "சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன்" என்பாள். அக்காவும் நம்பிவிடுவாள். இப்போது அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் வழுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போயிற்று.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒருத்திக்காக அடுப்பு பத்த வைக்கத் தோணலக்கா." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "கடுகை நீயே கொண்டு போயிடு. என்கிட்ட இருந்தா கொன்னுடுவேன்."

"நீ ஒண்ணும் கொல்லல. நான்தான் சரியாச் சொல்லல. ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க. உடம்பு தேறினப்புறம் ரெண்டு பேருமா உன் வீட்டுக்குப் போங்க."

டாக்டரம்மா கடுகைப் போர்வையோடு கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்தார். "வயித்தைக் காயவே விடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு அஞ்சு வேளையாவது குடுக்கணும்."

அக்கா தங்கையின் கையை விடவில்லை. "கேட்டியா? இனிமே நான் மாத்திச் சொல்றேன். அது சாப்பிடறப்பல்லாம் நீ சாப்பிடணும்."

"அஞ்சு வேளையா? குண்டாயிடுவேன்கா."

"ஆகுடி," என்றாள் அக்கா. தங்கையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.