மூன்றாவது இழை

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். என் தலையில் நடந்ததை நானே எப்படி மறுப்பேன்?

செயற்கைக் கால்களுக்கான தகடுகளைச் சோதிப்பது என் வேலை. கார்பன் இழையையும் கண்ணாடி இழையையும் கலந்து, பிசினில் ஊறவைத்து இறுக்கிய தகடுகள். எந்த இழை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். தகடு எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுவேன். பிறகு இயந்திரத்தில் வளைத்துப் பார்ப்பேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

அந்தத் தகடு மட்டும் ஒத்துப்போகவில்லை. கணக்கைவிட இரண்டு மடங்கு விறைப்பு. மேலாளரிடம் சொன்னேன்.

"கூடுதலா வந்தா நல்லதுதானேம்மா? கையெழுத்தப் போட்டு அனுப்பு."

"வளையாத கால வச்சுக்கிட்டு ஒருத்தர் எப்படி சார் நடப்பாரு?"

"நீயா நடக்கப்போற?"

கையெழுத்துப் போடவில்லை. விடுமுறை நாளில், பட்டப்பகலில், தனியாக வந்து மறுபடி சோதித்தேன்.

இயந்திரம் அழுத்தியது. தகடு அசையவில்லை. 'ம்ம்ம்…' என்று ஒரு முனகல். மோட்டார்தான் என்று நினைத்தேன்.

அப்போது யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள்.

திரும்பினேன். யாருமில்லை.

இயந்திரத்தை நிறுத்தினேன். இழுப்பும் நின்றது.

மறுபடி ஓட்டினேன். மறுபடி இழுத்தது… இன்னும் பலமாக. கழுத்து பின்னால் வளைந்தது. காதருகே ஒரு பெண்குரல்.

"நிறுத்து…"

சுவிட்சைத் தட்டினேன்.

'டிக்.'

தகடு தானாகவே பிளந்தது.

உள்ளே… முடி.

கைநீள முடி. கார்பன் இழைகளோடு வரிசையாகப் படுத்திருந்தது. முடி சேர்ந்தால் தகடு விறைக்காது. எந்தக் கணக்கிலும் அது வராது.

மறுநாள் தகடு செய்த ஆலைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். தகடுகளைப் பெட்டியில் அடுக்கும் அக்கா ஒருவர் அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தங்கச்சி முடி… போன வருஷம் இழை சுத்துற மெஷின் அவ பின்னல இழுத்துக்கிச்சு. அங்கேயே செத்துட்டா. உருளைக்கு ஒரு மூடி போடுங்கன்னு கெஞ்சினோம். கவனக்குறைவுன்னு சொல்லி அவளையே குத்தவாளி ஆக்கிட்டாங்க."

"அன்னைக்குச் சுத்தின இழையவா எங்களுக்கு அனுப்பினாங்க?"

இல்லையென்று தலையசைத்தார்.

"அத அன்னைக்கே எரிச்சாச்சு. இது போன வாரம் புது மெஷின்ல சுத்தினது. இப்பல்லாம் அந்த ரூமுக்குள்ள பொம்பளைங்கள விடறதே இல்லம்மா. ஆம்பளைங்க மட்டும்தான். அதுவும் மொட்டை அடிச்சிருந்தாத்தான்."

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூடி மட்டும் இன்னும் போடல."